ஃபைனல் ஃபேன்டசி பிக்சல் ரீமாஸ்டர்: ஆறு பழைய கேம்களையும் சுவை குறையாமல் ஆடி முடிக்க முழுமையான வழிகாட்டி

1987 டிசம்பர் 18 அன்று ஜப்பானில் நின்டெண்டோவின் ஃபேமிகாம் கருவிக்காக முதல் ஃபைனல் ஃபேன்டசி வெளிவந்தது. 1994 ஏப்ரல் 2 அன்று சூப்பர் ஃபேமிகாமில் ஆறாம் பாகம் வந்தது. இடையே ஆறு ஆண்டுகளும் சில மாதங்களுமே. அந்தக் காலத்துக்குள் இந்தத் தொடரை உருவாக்கிய ஹிரோனோபு சகாகுச்சியும் ஸ்கொயர் நிறுவனத்தில் அவருடன் இருந்தவர்களும் ஜப்பானிய ரோல்-பிளேயிங் கேம் என்ற வகையைப் பலமுறை பிரித்துப் போட்டு மறுபடி கட்டினார்கள். ஒவ்வொரு பாகத்திலும் கதை புதிது, ஆட்கள் புதியவர்கள், விதிகளும் பெரும்பாலும் புதியவை. அந்த ஆறையும் ஒரே தோற்றத்தில் மீட்டெடுத்துத் தந்த தொகுப்புதான் பிக்சல் ரீமாஸ்டர்.

இதை வாங்குகிறவர்களில் இரண்டு வகையினரைப் பார்க்கிறேன். முதல் வகையினர் ஒன்றாம் பாகத்தை ஆர்வமாக முடித்துவிட்டு, இரண்டாம் பாகத்தின் நடுவில் கன்ட்ரோலரைக் கீழே வைத்தவர்கள். பிறகு எடுப்பதே இல்லை. இரண்டாம் வகையினர் தொகுப்பில் உள்ள வசதிகளை எல்லாம் முதல் நாளே முடுக்கிவிட்டு, எதிரிகளின் முகத்தைக்கூடப் பார்க்காமல் இறுதிக் காட்சிக்குப் போனவர்கள். இரண்டு பேருமே இந்தக் கேம்களை இழந்துவிடுகிறார்கள். பழைய கேம்களில் இருக்கும் தடைகளில் சில அக்கால இயந்திரத்தின் குறை. சில வடிவமைத்தவர்கள் வேண்டுமென்றே வைத்த விஷயம். முதல் வகையைத் தயங்காமல் நீக்கிவிடலாம். இரண்டாம் வகையை நீக்கினால் மிஞ்சுவது வெறும் நடை. எது எந்த வகை என்று இடம் பார்த்துச் சொல்வதற்காகவே இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

முதல் படி: எதை வாங்குகிறோம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

முதல் மூன்று பாகங்கள் 2021 ஜூலையில் கணினிக்கான ஸ்டீம், ஆண்ட்ராய்டு, ஐ.ஓ.எஸ். தளங்களில் வந்தன. நான்காம் பாகம் அதே ஆண்டு செப்டம்பரிலும், ஐந்தாம் பாகம் நவம்பரிலும், ஆறாம் பாகம் 2022 பிப்ரவரியிலும் வந்தன. ஸ்விட்ச், பிளேஸ்டேஷன் 4 பதிப்புகள் 2023 ஏப்ரலில் வந்தன. எக்ஸ்பாக்ஸுக்கு 2024 செப்டம்பரில். ஆறையும் சேர்த்தும் வாங்கலாம், தனித்தனியாகவும் வாங்கலாம். இந்த வகைக் கேமை முதன்முதலாக ஆடப் போகிறவர் என்றால் ஒன்றை மட்டும் வாங்கிப் பாருங்கள். எதை என்பது கீழே வருகிறது.

இந்தத் தொகுப்பு மூலப் பதிப்புகளை அடியொற்றியது. கேம்பாய் அட்வான்ஸ் கருவிக்கு வந்த பிற்காலப் பதிப்புகளில் கூடுதல் குகைகளும் கூடுதல் எதிரிகளும் இருந்தன; ஐந்தாம் பாகத்தில் நான்கு புதிய தொழில்களும் சேர்ந்திருந்தன. அவை எதுவும் இங்கே இல்லை. அந்தப் பதிப்புகளோடு வளர்ந்தவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கும். எனக்கு இந்த முடிவில் குறையில்லை. பின்னால் ஒட்டிய அந்தப் பகுதிகள் பெரும்பாலும் போருக்கானவை. கதை அவை இல்லாமலே நிறைவடைந்துவிடுகிறது.

பாக எண்களைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை. ஜப்பானில் நான்காம் பாகமாக வந்தது 1991ல் அமெரிக்காவில் இரண்டாம் பாகம் என்ற பெயரில் விற்கப்பட்டது. ஆறாம் பாகம் அங்கே மூன்றாம் பாகமாயிற்று. பழைய குறிப்புகளையோ வரைபடங்களையோ தேடும்போது கதாபாத்திரங்களின் பெயரைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். இந்தத் தொகுப்பில் எல்லாமே ஜப்பானிய எண்வரிசைதான்.

மொழித் தேர்வில் தமிழ் கிடையாது. ஆங்கில வசனங்கள் சிறியவை, எளிமையானவை. உரையாடல் பெட்டி நீங்கள் பொத்தானை அழுத்தும்வரை காத்திருக்கும். பள்ளிப் பிள்ளைகளை அருகில் உட்காரவைத்து வாசிக்கச் சொல்லி ஆடுவதற்கு இவ்வளவு வாகான கேம்கள் குறைவு.

இரண்டாம் படி: அமைப்புகளை ஒருமுறை சரிசெய்யுங்கள்

தொடங்கியதும் அமைப்பு மெனுவுக்குப் போங்கள். 2021ல் இந்தத் தொகுப்பு வந்தபோது ஆங்கில எழுத்துரு மெல்லியதாக, படத்தோடு ஒட்டாமல் இருக்கிறது என்று ரசிகர்கள் குறைபட்டார்கள். கன்சோல் பதிப்புகளில் புள்ளிகளால் ஆன பழைய பாணி எழுத்துருவும் சேர்க்கப்பட்டது. அதைத் தேர்ந்தெடுங்கள். கண்ணுக்கு நிச்சயம் வித்தியாசம் தெரியும்.

அடுத்தது இசை. இந்தக் கேம்களுக்கு இசையமைத்த நோபுவோ உவெமட்சுவின் மேற்பார்வையில் எல்லாப் பாடல்களும் புதிதாக இசைக்கோர்வை செய்யப்பட்டிருக்கின்றன. மூல ஒலியையும் விரும்பியபோது மாற்றிக் கேட்கலாம். என் யோசனை இது. முதல் மூன்று பாகங்களில் ஒவ்வொரு புதிய ஊரிலும் நுழைந்தவுடன் மூல ஒலியை ஒருமுறை கேளுங்கள், பிறகு புதியதற்கு மாறுங்கள். ஃபேமிகாமில் அவர் மெட்டுக்குப் பயன்படுத்தியது இரண்டு சதுர அலைத் தடங்கள், ஒரு முக்கோண அலைத் தடம், அவ்வளவே. மெட்டு ஒரு தடத்தில், அதற்குத் துணை இன்னொன்றில், அடியில் முக்கோண அலை தாங்கி நிற்கும். பெரும் வாத்தியக் குழுவாக இன்று ஒலிக்கும் அதே மெட்டு அந்த மூன்றே குரல்களில் முழுமையாக நிற்பதைக் கேட்டால் உவெமட்சு யார் என்று புரியும். ஆறாம் பாகத்துக்கு வரும்போது சூப்பர் ஃபேமிகாமின் எட்டுத் தடங்கள் அவர் கையில் இருந்தன.

படங்களை மீண்டும் வரைந்தவர் கசுகோ ஷிபுயா. 1987ல் மூல உருவங்களை வரைந்தவரும் அவர்தான். வரைபடத்தில் நடக்கும் வீரனுக்கு அப்போது கிடைத்த இடம் 16க்கு 16 புள்ளிகள், மிகச் சில நிறங்கள். தொப்பியின் விளிம்பிலிருந்து இரண்டு மஞ்சள் புள்ளிகள் கண்களாக எட்டிப் பார்க்கும் கறுப்பு மந்திரவாதியை உற்றுப் பாருங்கள். முகமே இல்லாமல் ஒரு முகம்.

இனி முக்கியமான பகுதி: உதவி வசதிகள். கன்சோல் பதிப்புகளோடு வந்து பிறகு மற்றத் தளங்களுக்கும் சேர்ந்தவை இவை. நடந்துபோகும்போது திடீரென வரும் மோதல்களை ஒரே அழுத்தில் அணைக்கலாம். சண்டையில் கிடைக்கும் அனுபவப் புள்ளிகளையும் பணத்தையும் பூஜ்யத்திலிருந்து நான்கு மடங்குவரை மாற்றி வைக்கலாம். முந்தைய கட்டளையைத் தானாகத் திரும்பச் செய்யும் தானியங்கிப் போரும், எங்கிருந்தும் சேமிக்கும் விரைவுச் சேமிப்பும் எல்லாப் பதிப்புகளிலும் உண்டு.

பொது விதியாக மூன்றைச் சொல்கிறேன். விரைவுச் சேமிப்பைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஒரு மணி நேர உழைப்பை மின்வெட்டு தின்றுவிடுவதில் எந்தக் கலையும் இல்லை. ஏற்கெனவே சுத்தம் செய்துவிட்ட குகைக்குத் திரும்பிப் போகும்போது மோதலை அணைத்துவிடுங்கள். ஒரு குகைக்குள் முதல்முறை நுழையும்போது அணைக்காதீர்கள். கையிருப்பு மருந்தும் மந்திரமும் கடைசி அறைவரை போதுமா என்ற கணக்குதான் அந்தக் குகையின் உள்ளடக்கம். மோதல் இல்லாத குகை வெறும் படிக்கட்டு.

மூன்றாம் படி: ஆடும் வரிசை

ஒன்று, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு. எல்லாம் முடிந்தபின் இரண்டு. இதுதான் நான் பரிந்துரைக்கும் வரிசை. கதைகள் ஒன்றோடொன்று தொடர்பற்றவை, ஆகவே எதுவும் விட்டுப்போகாது. வெளிவந்த வரிசையில் போக விரும்புகிறவர்களின் ஆசை எனக்குப் புரிகிறது. ஆனால் இரண்டாம் பாகம் தனி இயல்புடையது. மற்ற ஐந்தையும் அறிந்தவருக்குத்தான் அது என்ன செய்யப் பார்க்கிறது என்று தெரியும்.

ஒன்றை மட்டும் வாங்கிப் பார்க்க நினைப்பவர் நான்காம் பாகத்தை வாங்குங்கள். கதை இழுத்துக்கொண்டு போகும், விதிகள் தானே பிடிபடும்.

நான்காம் படி: ஒன்றாம் பாகம்

தொடக்கத்திலேயே நான்கு பேரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். போர்வீரன், திருடன், மல்லன், சிவப்பு மந்திரவாதி, வெள்ளை மந்திரவாதி, கறுப்பு மந்திரவாதி என்று ஆறு வகை. இந்தத் தேர்வை நடுவில் மாற்ற முடியாது. முதல்முறை ஆடுகிறவருக்குப் போர்வீரன், மல்லன், வெள்ளை, கறுப்பு என்ற நால்வர் போதும். மல்லனுக்கு ஆயுதம் வாங்கிப் பணத்தை வீணாக்காதீர்கள். சில லெவல்கள், அதாவது பலத்தின் படிகள், ஏறியதும் வெறுங்கையே அவனுக்குச் சிறந்த ஆயுதம்.

மந்திரங்களுக்கு இங்கே புள்ளிகள் இல்லை. ஒவ்வொரு நிலை மந்திரத்தையும் இத்தனை முறை ஏவலாம் என்ற எண்ணிக்கைதான் உண்டு. விடுதியில் தூங்கினால் மீண்டும் நிரம்பும். ஒவ்வொரு நிலையிலும் கடையில் நான்கு மந்திரங்கள் இருந்தாலும் ஒருவர் மூன்றைத்தான் கற்க முடியும். எதை விடுவது என்று யோசித்து வாங்குங்கள்.

கொர்னேலியா நாட்டு அரசர் தன் மகளை மீட்கச் சொல்வார். வடக்கே உள்ள கோயிலில் கார்லண்ட் என்ற எதிரியை வீழ்த்தி அவளை அழைத்து வாருங்கள். பாலம் கட்டப்படும். அதில் கால்வைத்த பிறகுதான் கேமின் தலைப்பே திரையில் வரும். ஒரு முழுக் கதைபோலத் தோன்றிய ஒன்றை முன்னுரையாக மாற்றிவிடும் அந்தத் துணிச்சல் 1987ல் புதிது.

பிரவோகா என்ற ஊரில் கடற்கொள்ளையரை அடக்கினால் கப்பல் கிடைக்கும். இங்கிருந்து தடுமாற்றம் தொடங்கும், ஏனென்றால் எங்கே போகவேண்டும் என்று கேம் பட்டியல் போட்டுத் தராது. ஒரு நோட்டுப் புத்தகத்தை அருகில் வைத்துக்கொள்ளுங்கள். ஊரார் சொல்லும் ஒவ்வொரு வரியும் துப்பு. முதல் பெரிய சங்கிலியை மட்டும் விரித்துச் சொல்கிறேன், இதன் போக்கு புரிந்தால் மற்றவை எளிது. எல்ஃப் நாட்டு இளவரசன் மாயத் தூக்கத்தில் கிடக்கிறான். அவனை எழுப்பும் மருந்து மட்டோயா என்ற சூனியக்காரியிடம் இருக்கிறது. அவளோ தன் கண்ணாகிய படிகத்தைத் தொலைத்துவிட்டாள். படிகம் இருப்பது மேற்கே பாழடைந்த கோட்டையில் உள்ளவனிடம். அவன் சதுப்புக் குகையிலிருந்து ஒரு கிரீடத்தைக் கொண்டுவரச் சொல்வான். ஆக, கிரீடம், படிகம், மருந்து, இளவரசன். எழுந்ததும் அவன் மந்திரச் சாவியைத் தருவான். அந்தச் சாவி, இதுவரை நீங்கள் கடந்துவந்த பூட்டிய கதவுகளை எல்லாம் திறக்கும். கொர்னேலியா கோட்டையின் அறை ஒன்றில் வெடிமருந்து இருக்கிறது; அதைக் குள்ளர்களிடம் கொடுத்தால் கால்வாய் வெட்டி உங்கள் கப்பலைப் பெருங்கடலுக்கு விடுவார்கள். தொடங்கிய கோட்டைக்கே திரும்பிவந்து உலகத்தைத் திறப்பது எவ்வளவு அழகான கட்டமைப்பு!

இந்தச் சங்கிலியின் கடினமான கண்ணி சதுப்புக் குகை. விஷமுறிவு மருந்தை நிறைய வாங்கிக்கொண்டு போங்கள். கிரீடம் உள்ள பெட்டியைக் காக்கும் எதிரிகள் அதுவரை வந்தவர்களைவிடப் பல மடங்கு வலியவர்கள். வலிய மந்திரங்களை வழியில் செலவழிக்காமல் அவர்களுக்காக மிச்சம் வையுங்கள். இங்கே மோதலை அணைத்துவிட்டால் அந்தச் சிக்கனத்தின் பதற்றம் முழுக்கப் போய்விடும்.

பலம் போதவில்லை என்றால் அனுபவப் புள்ளி மடங்கை ஏற்றுவதற்குமுன் ஒரு பழைய உத்தியைப் பாருங்கள். பிரவோகாவுக்கு வடகிழக்கே நீளும் தீபகற்பத்தின் முனையில் மட்டும் மிகப் பலமான எதிரிகள் வருவார்கள். உலக வரைபடம் சதுரக் கட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, கட்டத்துக்கு ஓர் எதிரிப் பட்டியல் என்று வைக்கப்பட்டிருக்கிறது; அந்த முனை பக்கத்துக் கட்டத்துக்குள் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கிறது. ரீமாஸ்டரிலும் அந்த மூலை இருக்கிறது. சேமித்துவிட்டுப் போய் ஒவ்வொரு சண்டையாகத் துணிந்து போரிடுங்கள்.

ஃபேமிகாம் பதிப்பில் ஒருவன் குறிவைத்த எதிரி அதற்குள் இறந்துவிட்டால் அவனது வீச்சு காற்றில் போகும். மருந்துகளை ஒன்றொன்றாகத்தான் வாங்க முடியும். மந்திரவாதியின் அறிவுத்திறன் எண், நிரலில் இருந்த பிழையால் மந்திரத்தின் வலிமையைத் தொடவே இல்லை. இவையெல்லாம் இன்று சரிசெய்யப்பட்டுவிட்டன. முன்னே சொன்ன முதல் வகைத் தடைக்கு இவையே நல்ல உதாரணம்.

பறக்கும் கப்பல் கிடைத்ததும் உடனே சோதனைக் கோட்டைக்குப் போய் எலிவாலை எடுத்து, டிராகன் அரசன் பகாமுட்டிடம் கொடுங்கள். நால்வரும் உயர்நிலைக்கு மாறுவார்கள். கட்டாயமில்லாத பணி என்பதால் பலர் தவறவிடுகிறார்கள்.

ஐந்தாம் படி: மூன்றாம் பாகம்

1990 ஏப்ரல் 27 அன்று வந்த இந்தப் பாகத்தின் இருபரிமாண வடிவம் ஜப்பானுக்கு வெளியே அதிகாரபூர்வமாக வந்தது 2021ல்தான். அதற்குமுன் மற்ற நாடுகளுக்குக் கிடைத்தது 2006ல் நின்டெண்டோ டி.எஸ். கருவிக்காக முப்பரிமாணத்தில் மறுஆக்கம் செய்த பதிப்பு.

இங்கே தொழில்களை விருப்பம்போல் மாற்றிக்கொள்ளலாம். பிடித்த நால்வரோடு ஒட்டிக்கொள்ளாதீர்கள், ஏனென்றால் ஒவ்வொரு இடமும் ஒரு விடுகதை. விடை ஒரு தொழில். உருவத்தைச் சுருக்கிக்கொண்டு நுழையும் குகைகளில் வாள்வீச்சு எடுபடாது, எல்லாரையும் மந்திரவாதிகளாக்குங்கள். தன் பலவீனத்தை மாற்றிக்கொண்டே இருக்கும் ஹைன் என்ற எதிரிக்கு அறிஞன் வேண்டும். சரோனியா நகரில் கருடா என்ற எதிரியின் மின்னலைத் தாங்க முடியவில்லையா? நால்வரையும் டிராகன் வீரர்களாக்கி மேலே பாயவிடுங்கள். வானத்தில் இருப்பவர்கள்மேல் மின்னல் விழாது.

இறுதிக் கோபுரமும் அதற்கடுத்த இருளுலகமும் மூலப் பதிப்பில் இடையில் சேமிக்க வழியே இல்லாத நெடும்பயணம். இங்கே விரைவுச் சேமிப்பைப் பயன்படுத்துவதில் எந்த வெட்கமும் வேண்டாம்.

ஆறாம் படி: நான்காம் பாகம்

தகாஷி டொகிடா முன்னின்று வடிவமைத்த இந்தப் பாகத்தில் குழுவை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது. கதை யாரைத் தருகிறதோ அவர்கள்தான். இருள் வீரன் செசில் அரசனின் கட்டளைப்படி ஒரு கிராமத்துக்குப் பொருள் ஒன்றைக் கொண்டுபோகிறான். அது அந்தக் கிராமத்தையே எரித்துவிடுகிறது. கதாநாயகன் குற்றவாளியாகத் தொடங்கும் கதை இது.

போர்முறையும் இங்கே மாறியது. ஹிரோயுகி இட்டோ உருவாக்கிய முறையில் நீங்கள் யோசிக்கும்போதும் நேரம் ஓடும். தொடக்கத்தில் மெனுவைத் திறக்கும்போது நேரம் நிற்கும்படி அமைத்துக்கொண்டு, கை பழகியபின் ஓடும் முறைக்கு மாறுங்கள்.

சோதனை மலையில் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். ஸ்கார்மிலியோனே என்ற பிரேதத் தலைவனை வென்றதும் உடனே சேமித்து, காயங்களை ஆற்றி, முன்பின் வரிசையைப் பாருங்கள். அவன் மறுபடி எழுந்து பின்னாலிருந்து தாக்குவான். மந்திரவாதிகள் எதிரிக்கு முன்னால் நிற்க நேரிடும். மலையுச்சியில் செசில் தன் பிம்பத்தையே எதிர்கொள்ளும்போது தானியங்கிப் போரைக் கட்டாயம் அணைத்துவையுங்கள். அங்கே வாளை வீசாமல் நிற்பதுதான் விடை. கேம் முழுவதும் வெட்டப் பழக்கிய கையை நிறுத்தச் சொல்லும் அந்தக் கணத்தை ஒரு தானியங்கிக் கட்டளை கெடுத்துவிடக் கூடாது.

நிலாவில் அரிய வால் ஒன்றைத் தேடி ஒரே அறையைச் சுற்றிவரச் சொல்லும் ஆலோசனைகள் கிடைக்கும். வேண்டாம். கதைக்கு அது தேவையே இல்லை.

ஏழாம் படி: ஐந்தாம் பாகம்

மூன்றாம் பாகத்தின் தொழில்முறை இங்கே முழு வளர்ச்சி பெற்றது. ஒரு தொழிலில் கற்ற திறனை இன்னொரு தொழிலுக்கு எடுத்துப்போகலாம் என்பதே புதுமை. கையில் வாள் பிடித்தபடி குணப்படுத்தும் வீரன், திருடனின் வேகம் கொண்ட மந்திரவாதி என எதையும் ஆக்கலாம். நிஞ்சாவின் இரட்டை ஆயுதம், வில்லாளியின் நான்கு அடி, மந்திர வாள் வீரனின் நெருப்பு மூன்றையும் ஒருவனிடம் சேர்த்துவிட்டால் எதிரே எதுவும் நிற்காது.

அதனால்தான் திறன் புள்ளிகளின் மடங்கை இந்தப் பாகத்தில் ஒன்றாகவே வைக்கும்படி வற்புறுத்துகிறேன். நான்கு மடங்கில் வைத்தால் தொழில்கள் ஒரு மதியத்தில் முழுமை பெற்றுவிடும். எதைத் தேர்ந்தெடுப்பது, எதைத் தள்ளிப்போடுவது என்ற கேள்வியே எழாது. அந்தக் கேள்விதான் ஐந்தாம் பாகம்.

தொடக்கத்திலேயே ஒருவரை நீல மந்திரவாதியாக்குங்கள். எதிரியின் மந்திரத்தைத் தன்மேல் வாங்கி, பிழைத்தால் அதைக் கற்றுக்கொள்பவர் இவர். அடிபடுவதே பாடமாகும் இந்த யோசனை எனக்கு மிகவும் பிடித்தது. குழு முழுவதையும் ஆற்றும் வெண்காற்று மந்திரத்தைத் தேடிக் கற்றுவிடுங்கள். பின்னால் விலங்குகளைக் கட்டுப்படுத்தும் தொழில் வந்ததும், எதிரியையே உங்கள்மேல் மந்திரம் ஏவவைத்துப் பாடம் கேட்கலாம்.

கார்னாக் கோட்டை தீப்பிடிக்கும்போது பத்து நிமிடக் கடிகாரம் ஓடத் தொடங்கும். வழியெங்கும் பெட்டிகள், அருமையான பொருள்கள். மோதலை அணைத்துவிட்டால் எல்லாவற்றையும் நிதானமாக அள்ளலாம். தயவுசெய்து அணைக்காதீர்கள். முதலிலேயே ஒரு சேமிப்பு வைத்துக்கொண்டு ஓடிப் பாருங்கள். எதை விட்டுவிட்டு ஓடுவது என்று முடிவெடுக்கும் அந்தப் பத்து நிமிடம் முழு வேகத்தில் போகும்.

பெரிய பாலத்தில் கில்கமேஷ் என்ற எதிரி வரும்போது ஒலியைக் கூட்டிவையுங்கள். இறுதிக் குகையில் பெட்டி ஒன்றைத் திறந்தால் ஷின்ரியூ என்ற டிராகன் வெளியே வந்து ஒரே அலையில் குழுவை அழிக்கும். அங்கே ஒவ்வொரு பெட்டிக்கும் முன்பு சேமியுங்கள்.

எட்டாம் படி: ஆறாம் பாகம்

யோஷினோரி கிடாசேயும் ஹிரோயுகி இட்டோவும் இயக்கியது. குழுவில் சேரக்கூடியவர்கள் 14 பேர். யார் கதாநாயகர் என்று உறுதியாகச் சொல்ல முடியாத கதை. இந்த ஆறில் என் நெஞ்சுக்கு மிக நெருக்கமானது இதுதான்.

முதலில் ஒரு கணக்கு. மந்திரக் கற்களாக மாறிய எஸ்பர் என்னும் மாய உயிர்களை அணிந்தால்தான், ஓரிருவர் தவிர மற்றவர்கள் மந்திரம் கற்க முடியும். அவற்றில் பல, அணிந்திருக்கும்போது லெவல் ஏறினால் வலிமை, வேகம் போன்றவற்றை நிரந்தரமாகக் கூட்டும். கற்கள் கைக்கு வருவது கதையில் கொஞ்ச தூரம் போனபிறகு. அதற்குமுன் அனுபவப் புள்ளியை நான்கு மடங்காக்கிப் பாய்ந்தால் அத்தனை லெவல்களும் வெறுமனே கழிந்துவிடும். ஆகவே அனுபவப் புள்ளியை ஒன்றிலேயே வையுங்கள். மந்திரம் கற்கும் புள்ளிகளை வேண்டுமானால் உலகம் மாறியபின் வரும் இரண்டாம் பாதியில் இரட்டிப்பாக்கிக்கொள்ளுங்கள்.

மலைப்பாதையில் வார்காஸ் என்ற எதிரியைச் சந்திக்கும்போது, குழுவில் சேரும் சேபினின் குத்துக் கலையைப் பயன்படுத்தினால்தான் சண்டை முடியும். கட்டளையைத் தேர்ந்தெடுத்து இடது, வலது, இடது என்று அழுத்தி உறுதிசெய்யுங்கள். நிதானமாக அழுத்தினால் போதும், வேகம் தேவையில்லை.

ஓபரா அரங்குக்கு வந்ததும் மேடைக்குப் போகுமுன் பாடல் வரிகளை வாசித்துவிடுங்கள். மேடையில் சரியான வரியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 1994ல் மனிதக் குரல்போல ஒலிக்க முயன்ற மின்னொலியால் பாடப்பட்ட இந்தக் காட்சிக்கு, ரீமாஸ்டரில் பல மொழிகளில் உண்மையான பாடகர்களின் குரல் சேர்ந்திருக்கிறது. மேடையின் ஆழம் தெரியும்படி காட்சியும் புதிதாக அமைக்கப்பட்டுள்ளது. முதலில் ஜப்பானியக் குரலில் கேளுங்கள் என்று சொல்வேன்.

மிதக்கும் கண்டத்தின் முடிவில் கடிகாரம் ஓடும். தப்பிக் குதிக்கவா, காத்திருக்கவா என்று கேள்வி வரும். கடைசி விநாடிகள்வரை காத்திருங்கள். ஏன் என்று சொல்லமாட்டேன். அவசரப்பட்டவர்கள் ஒருவரைக் கேம் முடியும்வரை இழப்பார்கள்.

அதன்பிறகு உலகம் மாறிவிடும். சிதறிப்போனவர்களை எந்த வரிசையிலும் தேடலாம், தேடாமலும் போகலாம். எல்லாரையும் தேடுங்கள். இறுதிக் கோபுரத்தில் மூன்று குழுக்களாகப் பிரிந்து ஏற வேண்டும், குழுவுக்கு நால்வர்வரை. ஒரு குழுவைப் பலமாக்கி மற்ற இரண்டைக் கைவிட்டவர்கள் அங்கே சிக்கிக்கொள்வார்கள். ஒவ்வொரு குழுவிலும் குணப்படுத்தக்கூடிய ஒருவர் கட்டாயம் இருக்கட்டும்.

ஒன்பதாம் படி: இரண்டாம் பாகம், கடைசியாக

1988 டிசம்பர் 17. ஒன்றாம் பாகம் வெற்றி பெற்று ஒரே ஆண்டில், லெவல் என்பதையே தூக்கி எறிந்தார்கள். அகிடோஷி கவாசு வடிவமைத்த இந்த முறையில், எதைச் செய்கிறீர்களோ அதில் வளர்வீர்கள். வாள் பிடித்தால் வாளில், நெருப்பு மந்திரம் ஏவினால் அந்த மந்திரத்தில், அடிபட்டால் உயிர்ப்புள்ளியில். முதல் சண்டையில் தோற்பீர்கள். தோற்கத்தான் வேண்டும், மீண்டும் தொடங்கிவிடாதீர்கள்.

இந்தப் பாகத்தில் திணறுகிறவர்கள் பெரும்பாலும் எல்லாரையும் எல்லாவற்றிலும் பழக்கப் பார்க்கிறவர்கள். ஒருவருக்கு ஓர் ஆயுதம், இரண்டு மூன்று மந்திரங்கள் என்று வரையறுத்து அதையே கடைசிவரை பிடித்துக்கொள்ளுங்கள். மந்திரத்தின் நிலை ஏற ஏற அதற்குச் செலவாகும் புள்ளியும் ஏறும் என்பதால் பத்து மந்திரம் கற்றவர் பாதியில் வறண்டுபோவார். கனமான கவசம் வாங்காதீர்கள். இந்தக் கேமில் அடியைத் தாங்குவதைவிட அடியிலிருந்து விலகுவது முக்கியம். கனம் விலகும் திறனைக் குறைக்கும், மந்திரத்தையும் கெடுக்கும். ஒரு கையில் கேடயம் பிடித்தால் விலகும் திறன் வளரும். சொந்த ஆட்களையே அடித்து உயிர்ப்புள்ளி ஏற்றும் பழைய உத்தி இப்போது தேவையில்லை. வளர்ச்சி மடங்கைக் கொஞ்சம் கூட்டுவதற்கு நான் சம்மதிக்கும் ஒரே பாகம் இது. இரண்டு மடங்கு சரியாக இருக்கும்.

நான்காவது இடத்தில் ஆட்கள் வந்து போவார்கள். அவர்களை வளர்க்க நேரம் செலவிட வேண்டாம், ஆனால் அவர்களிடம் நிறையப் பேசுங்கள். குகைகளில் கதவுகளுக்குப் பின்னால் பெரும்பாலும் வெற்று அறைகள்தான். கேம் உங்களை அறையின் நடுவில் கொண்டுபோய் நிறுத்தி, அடிக்கடி எதிரிகளை ஏவிவிடும். இவற்றில் எனக்கு எந்த நயமும் தெரியவில்லை. தவறி நுழைந்தால் மோதலை அணைத்து வெளியே வந்துவிடுங்கள்.

இந்தப் பாகத்தின் உயிர் அதன் சொற்களில் இருக்கிறது. உரையாடலில் வண்ணத்தில் தெரியும் சொற்களை நினைவில் வாங்கிக்கொண்டு, வேறொருவரிடம் அதைக் கேட்கலாம். கிளர்ச்சிக்காரர்களின் தலைவி ஹில்டாவிடம் காட்டு ரோஜா என்ற சங்கேதச் சொல்லைக் கற்பீர்கள். எதிரி பிடித்துவைத்திருக்கும் ஃபின் நகருக்குள் ஒளிந்து போய், மதுக்கடைக்காரரிடம் அதை மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். அவர் முகம் மாறும், மறைவான அறை திறக்கும். ஆட்சியாளனுக்கு எதிராக இரகசியமாகத் திரண்டவர்களின் உலகத்தை ஃபேமிகாமின் சிறிய நினைவகத்துக்குள் அடைத்திருக்கிறார்கள். புதிய சொல் கிடைத்த ஒவ்வொரு முறையும் ஹில்டாவிடமும் அவருடன் இருப்பவர்களிடமும் திரும்பிவந்து கேளுங்கள். கதை அங்கேதான் நகரும்.

கவாசு இந்த முறையைக் கைவிடவில்லை. அடுத்த ஆண்டே கேம்பாய் கருவிக்கு சாகா என்ற புதிய தொடரைத் தொடங்கி அதில் மேலும் துணிந்து சோதனை செய்தார். இரண்டாம் பாகம் உங்களுக்குப் பிடித்துப்போனால், அடுத்து வாங்க வேண்டியது அந்தத் தொடரின் முதல் மூன்று கேம்களையும் சேர்த்து 2020 டிசம்பரில் ஸ்விட்ச் கருவிக்கு வந்த சாகா தொகுப்பு.